நெரிசலில் நின்ற நட்சத்திரங்கள்

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை திறப்பு. ஆறு வருட வேலைக்கு விடை அன்றைக்குத்தான் தெரியப்போகிறது. அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஓய்வெடுப்பது அவளுக்கு வராத வித்தை. அதிகாலையிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக அலைந்துகொண்டிருந்தவளைப் பார்த்துக் கணவர், "இப்படியே நடந்தா தரை தேஞ்சு கீழ் வீட்டுக்காரங்க தலையில போய் நிப்ப" என்று சொல்லி, குளித்த ஈரம் காயுமுன்பே அலுவலகத்துக்குக் கிளப்பி விட்டார்.

விண்மீன் திரள்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று அளப்பது அவள் வேலை. இதைச் சொன்னால், "அப்போ ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவள் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தொலைநோக்கி பூமிக்கு வெளியே அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அது அனுப்பும் படங்கள் மூன்றாம் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கும் அவளுடைய கணினிக்கு வந்து சேரும். ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிற உத்தியோகம்தான். லிஃப்ட் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மேசை அதிரும் என்பதுதான் அதில் உள்ள ஒரே சாகசம்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. தொலைவில் உள்ள திரள்கள் எல்லாம் நம்மைவிட்டு விலகி ஓடுகின்றன. அதிகத் தொலைவில் இருப்பது அதிக வேகத்தில் ஓடுகிறது. ஓடுகிற வேகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், அதன் ஒளி எவ்வளவு சிவந்து வருகிறது என்று பார்த்தால் போதும். தூரம்தான் உயிரை வாங்கும். இரண்டும் சரியாகக் கிடைத்துவிட்டால் ஒன்றை இன்னொன்றால் வகுத்து, பிரபஞ்சம் என்ன வேகத்தில் விரிகிறது என்று ஒரே ஓர் எண்ணாகச் சொல்லிவிடலாம். அந்த ஓர் எண்ணுக்காகத்தான் அவளுடைய குழு ஆறு வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் நம்பியிருந்தது துடிக்கும் நட்சத்திரங்களை. சில நட்சத்திரங்கள் மூச்சு வாங்குவதுபோலப் பெருத்துச் சுருங்கும். மெதுவாகத் துடிப்பது உண்மையிலேயே பெரிய விளக்கு, வேகமாகத் துடிப்பது சின்ன விளக்கு. துடிப்பை வைத்து நிஜமான பிரகாசத்தைத் தெரிந்துகொண்டு, இங்கிருந்து பார்க்க எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்த நட்சத்திரங்கள் தனியாக நிற்பதில்லை. திரளின் சுழல் கைகளில், ஆயிரம் நட்சத்திரங்களுக்கு நடுவே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் நிற்பவற்றின் வெளிச்சமும் கலந்துவிடும். கலந்தால் நட்சத்திரம் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும், பிரகாசமாகத் தெரிந்தால் கிட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும்.

இதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. பிரகாசம் முன்கூட்டியே தெரிந்த பொய் நட்சத்திரங்களைப் படத்தின்மேல் தூவி, அவற்றைக் கணினி நிரல் எப்படி அளக்கிறது என்று பார்ப்பார்கள். பத்து என்று போட்டதைப் பதினொன்று என்று படித்தால், அங்கே ஒரு பங்கு நெரிசலின் வெளிச்சம் என்று கழித்துவிடலாம்.

அன்றைக்கு அவள் செய்யப்போனது வெறும் அலங்கார வேலை. கட்டுரையின் முதல் பக்கத்துக்கு அழகான ஒரு படம் வேண்டும். புதிதாகப் படமெடுத்த திரள்களில் ஒன்றைத் திறந்தாள். நிஜத் துடிப்பு நட்சத்திரங்களை நீலப் புள்ளிகளாகவும் பொய் நட்சத்திரங்களை மஞ்சள் புள்ளிகளாகவும் போட்டுப் பார்த்தாள். நீலம் முழுக்கச் சுழல் கைகளில் ஈ மொய்த்ததுபோல அப்பியிருந்தது. மஞ்சள் படம் முழுக்க ஒரே சீராக, மழைக்குப் பிறகு ஜன்னல் கண்ணாடியில் நிற்கும் துளிகளைப்போலப் பரவியிருந்தது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பொய் நட்சத்திரங்களை ஒவ்வொரு நிஜ நட்சத்திரத்தின் பக்கத்திலும் அல்லவா தூவியிருக்க வேண்டும்? நெரிசலை அளக்க நெரிசலுக்குள் போகாமல், காலி இடத்திலும் சேர்த்துத் தூவிச் சராசரி எடுத்தால் கழிக்க வேண்டியதைவிடக் குறைவாகத்தான் கழியும். அடுத்த திரளைத் திறந்தாள். அதிலும் அப்படியே. பழைய திரள்களில் சரியாக இருந்தது. புதிதாகச் சேர்த்த எல்லாவற்றிலும், அதாவது மொத்தத்தில் பாதிக்கு மேல், மஞ்சள் சீராகப் பரவியிருந்தது.

எதிர் அறையில் இருந்தவனைக் குழுவில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எழுதிய நிரல்தான் விடையைப் பூட்டி வைத்திருந்தது. ஆசைப்பட்ட எண்ணை நோக்கி யாருடைய கையும் தன்னையறியாமல் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லாத் தூரங்களையும் ஒரு ரகசிய எண்ணால் அது பெருக்கிவிடும். அந்த எண்ணை இயந்திரம் தானே தேர்ந்தெடுத்தது, பூட்டுக்கே தெரியாது. எல்லா வேலையும் முடிந்தது, இனி ஒரு புள்ளியும் மாற்ற மாட்டோம் என்று அனைவரும் கையெழுத்திட்ட பிறகு அந்த எண்ணை நீக்கிப் பார்ப்பார்கள். அதுதான் திறப்பு. திறந்த பிறகு எதையும் தொடக் கூடாது.

பூட்டு அவளுடைய திரையை எட்டிப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. புது கேமராவின் படங்கள் வந்தபோது, நிரல் ஓடுகிறதா என்று சோதிக்க அவன்தான் சீராகத் தூவும்படி மாற்றியிருந்தான். திருப்பி மாற்ற மறந்திருக்கிறான். சரிபார்த்தேன் என்று அதில் ஒப்பமிட்டிருந்தது அவள். ஆக, இருவர் தலையும்தான் உருள வேண்டும்.

இருவருமாகப் பேராசிரியரிடம் போனார்கள். அவர் அந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறவர். அடுத்த வாரக் கடைசியில் பெரிய மாநாடு. அங்கே அந்த எண்ணைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து, விரித்து, மறுபடியும் மடித்தார். எவ்வளவு மாறும் என்று கேட்டார். அளவு தெரியாது, திசை மட்டும் தெரியும் என்றாள் அவள். நட்சத்திரங்கள் இன்னும் மங்கலாகும். அப்படியானால் திரள்கள் இன்னும் தள்ளிப் போகும். விரியும் வேகம் குறையும்.

குறைந்தால் அது யாருடைய எண்ணை நோக்கிப் போகும் என்று மூவருக்கும் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள குழு துடிக்கும் நட்சத்திரங்களை நம்புவதில்லை. திரளின் வெளி விளிம்பில், நெரிசலே இல்லாத இடத்தில் நிற்கும் வயதான சிவப்பு நட்சத்திரங்களை வைத்துத் தூரத்தை அளக்கிறது. அவர்கள் முன்பே வெளியிட்ட எண் எழுபதுக்குச் சற்றுக் கீழே. இவர்களுடைய பழைய எண் எழுபத்து மூன்றுக்கு மேலே. இரண்டுக்கும் இடையில் உள்ள அந்தச் சின்ன இடைவெளிக்காக உலகம் முழுவதும் மாநாடுகளில் கெட்டிக்கார மனிதர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் ஒருவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

பூட்டு தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல" என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நாளைக்குப் பேசலாம் என்று எழுந்துகொண்டார்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். என்ன கேள்வி அது என்று உள்ளே கொதித்தது. வீட்டில் சட்டமே போட்டிருந்தார்கள், வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று. சட்டம் போட்டது அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அக்காளும் தம்பியும் சிவப்பு நட்சத்திரங்களைப் பற்றிச் சண்டை போட்டதில் ஒரு பீங்கான் தட்டு உடைந்தது. யார் உடைத்தது என்பதிலும் இன்றுவரை இரண்டு குழுவுக்கும் ஒத்த கருத்து இல்லை. அன்றிலிருந்து அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வானத்துக்கு இடமில்லை. இருவரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். தம்பி ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றுமே...

பாலத்தின் மேல் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கையில் வெள்ளரிக்காய் ஞாபகம் வந்தது.

இரண்டு மூன்று ஞாயிறுகளுக்கு முன் நடந்தது. அவள் வெள்ளரித் துண்டுகளை ஒரு பெரிய தட்டில் பரப்பி உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். தம்பி பின்னாலிருந்து கையை நீட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்: "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தூவாதக்கா." சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். அவள் அதை அப்போதே மறந்துபோனாள். மறந்துதான் போனாளா? இன்றைக்குக் காலையில் ஏன் பொய் நட்சத்திரங்களையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள்? முதல் பக்கப் படத்துக்கு அது தேவையே இல்லையே.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகிற வழியில் அம்மா வீட்டில் இறங்கினாள். அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். குரல் இன்னும் கணீரென்று இருக்கும். எதையும் இரண்டு முறை சொல்லாமல் விட மாட்டாள். வேலை நாளில் மகள் வந்து நின்றதைப் பார்த்து, மருமகனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று முதலில் பதறினாள். அதெல்லாம் இல்லை, அன்றைக்கு வெள்ளரிக்காயில் உப்பு எப்படி இருந்தது என்று மகள் கேட்டதும் இன்னும் பதறினாள். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள்.

"சும்மா சொல்லும்மா."

"ஒரு பக்கம் வாயில வெக்க முடியல, அப்படிக் கரிச்சுது. இன்னொரு பக்கம் உப்பே இல்ல, சப்புன்னு இருந்துது" என்றாள் அம்மா. பிறகு வழக்கம்போல அதையே மறுபடியும் சொன்னாள். தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் கேட்டானாம்.

அப்பாடா என்று அவள் படி இறங்கினாள். உப்பு உண்மையிலேயே சரியில்லை. அவன் உப்பைத்தான் சொல்லியிருக்கிறான். வாசல் கதவைத் திறக்கும்போதே அந்த நிம்மதியும் காற்றில் போய்விட்டது. உப்பு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அப்படியானால் உப்பைப் பற்றிப் பேசுகிறவன் என்ன சொல்லியிருப்பான்? ஒரே மாதிரி தூவு என்றல்லவா சொல்லியிருப்பான். ஒரே மாதிரி தூவாதே என்று ஏன் சொன்னான்?

அவள் அலுவலகம் போகிற பேருந்தை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற பேருந்தில் ஏறினாள்.

தம்பியின் ஆய்வகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடம். அவன் அங்கே ஒரு திட்டில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரிக் குழு ஆள் வாசல் வரைக்கும் வந்துவிட்டதே, வேவு பார்க்கவா என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. படத்தில் என்ன பார்த்தாள் என்பதைச் சொல்லவில்லை; சொல்லவும் கூடாது. வெள்ளரிக்காயை மட்டும் கேட்டாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

"உப்பத்தான்க்கா சொன்னேன். சொன்னேன்னு நினைக்கிறேன்."

"உப்பு ஒரு பக்கம் குவிஞ்சு கிடந்துதுன்னு அம்மா சொல்றா. அதுக்கு நீ சொன்னது பொருந்தலையேடா."

ஒருவர் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும் வரை தம்பி காத்திருந்தான். அந்த வாரம் முழுக்கத் தங்கள் அலுவலகத்தில் பொய் நட்சத்திரங்களைத் தூவுவது பற்றித்தான் ஓயாத பேச்சு என்றான். தங்களுக்கு நெரிசல் இல்லாததால் எங்கே தூவினாலும் ஒன்றுதான். ஆனால் நெரிசலில் அளப்பவர்களுக்கு அப்படி இல்லை என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மனசுல அது ஓடிட்டிருந்திருக்கும். வாயில வேற மாதிரி வந்திருக்கும். வேணும்னு சொல்லலக்கா. ஆனா சொல்லவே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவனுக்கும் பயம் வந்துவிட்டது. இந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்பது இன்னும் தெரியாது. இந்தப் பேச்சு வெளியே போனால் அவனைத்தான் முதலில் குடைவார்கள். நீ வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்றான். சொல்லி முடித்த கையோடு தானே தலையாட்டிக்கொண்டான்.

"உன்னால முடியாது. நீ சொல்லாம இருந்தா உனக்கு சோறு இறங்காது. சரி, சொல்லிடு. ஆனா 'சொன்னான்'னு சொல்லாத. 'சொன்னானோ என்னவோ'ன்னு சொல்லு. அதுதானே நெஜம்?"

அவள் அன்று மதியமே பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள். பூட்டும் இருக்கட்டும் என்று அவனையும் கூப்பிட்டுக்கொண்டாள். வெள்ளரிக்காய், உப்பு, அம்மாவின் சாட்சியம், தம்பியின் சந்தேகம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கேலிக்கூத்தாகப் பட்டது. பேராசிரியர் சிரிக்கவில்லை. பூட்டு ஒரே ஒரு முறை சிரிக்க வாய் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"பிழை பிழைதாம்மா, யார் காட்டினாலும்" என்றார் பேராசிரியர். "அதத் திருத்தாம வெளியிட முடியாது. ஆனா நீ அதத் தொடக் கூடாது."

பூட்டு தனியாகத் திருத்துவான். எப்படித் திருத்த வேண்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். திறப்பு அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போகும். அதுவரைக்கும் படங்களும் கணக்கும் அவள் கண்ணில் படக் கூடாது; திறக்கும்போதும் அவள் அறையில் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் அவர் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவளுடைய கடவுச்சொல்லை முடக்க வேண்டியவனும் பூட்டுதான். அவளுடைய மேசைக்கே வந்து, அவள் கண்ணெதிரிலேயே செய்தான். செய்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"கேக்க வேண்டியதுதான். நான்தான் யோசிக்காம பதில் சொல்லிட்டேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று முழுக்க அவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழையைச் செய்தவனே பிழையைத் திருத்துகிறான்; கண்டுபிடித்தவள் வேடிக்கை பார்க்கக்கூட முடியாமல் வெளியே நிற்கிறாள்.

அடுத்த சில நாட்கள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. அலுவலகத்துக்குப் போவாள், திரையில் ஒன்றும் திறக்காது. அலமாரியில் இருந்த பழைய கம்பிகளைப் பிரித்துச் சுற்றி வைத்தாள். மற்றவர்களுடைய அறைகளில் இருந்த செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். அவற்றில் ஒன்று பிளாஸ்டிக் செடி என்பது ஊற்றிய பிறகுதான் தெரிந்தது. பூட்டின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே அவன் பொய் நட்சத்திரங்களை இந்த முறை எவ்வளவு நெருக்கத்தில் தூவுகிறான், போதுமான அளவு தூவுகிறானா, மங்கலான நட்சத்திரங்களைத் தனியாகப் பார்க்கிறானா என்றெல்லாம் கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள்.

வீட்டில் கணவர் கேட்டார், திருத்தினால் உங்களுக்கு நல்லதா, கெட்டதா என்று. அவள் இரண்டு பக்கத்தையும் எண்ணிச் சொன்னாள். எண் அசையாமல் அப்படியே நின்றால், ஒன்றுமில்லாததற்கு எல்லோரையும் தவிக்கவிட்டவள் என்று பெயர். நன்றாக இறங்கித் தம்பியின் எண்ணோடு ஒட்டிக்கொண்டால், அக்காளும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் பேசிவைத்துச் செய்தார்கள் என்று பெயர். இதில் எதற்கு ஆசைப்படுவது? ஆசைப்படக் கூடாது என்பதற்காகத்தானே பூட்டே போட்டார்கள் என்றார் கணவர். அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

செவ்வாய்க்கிழமை முற்பகல் எல்லோரும் பேராசிரியரின் அறைக்குள் போனார்கள். வேறு ஊர்களில் இருந்த குழுவினர் திரையில் வந்தார்கள். அவள் படிகளில் இறங்கி வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றினாள். முதல் சுற்றில் காவலாளி வணக்கம் சொன்னார். அடுத்த சுற்றில் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அதற்கடுத்த சுற்றில் அவரும் கீழே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். எதைத் தேடுகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பூட்டு பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தான். லிஃப்டுக்காகக்கூட அவன் காத்திருக்கவில்லை.

"எழுபத்திரண்டு புள்ளி எட்டு" என்றான்.

திருத்தாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டாள். எழுபத்து நாலைத் தொட்டிருக்கும் என்றான். அதையும் ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டுப் பூட்டி வைத்திருந்தானாம், இப்போது இரண்டையும் சேர்த்தே திறந்திருக்கிறார்கள். ஆக, இறங்கியிருக்கிறது. நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனால் தம்பியின் எண்ணை எட்டிப் பிடிக்கவில்லை. நடுவில் இருந்த இடைவெளி சுருங்கியது, மூடவில்லை. அளவின் பிழை வரம்புக்குள்ளும் அது அடங்கவில்லை.

"நீங்க சொல்லலன்னா நாம தப்பான எண்ணத் தூக்கிட்டு மேடை ஏறியிருப்போம்" என்றான் பூட்டு. அவன் கண் கலங்கியிருந்தது. அத்தனை நாள் கோபமும் அவளிடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காவலாளி நிமிர்ந்து, கிடைத்துவிட்டதா என்று கேட்டார். பாதி கிடைத்தது என்றாள் அவள்.

கட்டுரையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். இந்தத் திருத்தத்தைச் சொன்னவருக்கு எதிர்க் குழுவில் நெருங்கிய உறவினர் இருக்கிறார். ஆகவே திருத்தம் அவர் பங்கேற்காமல் தனியாகச் செய்யப்பட்டது. குடும்பக் கதையெல்லாம் கட்டுரையில் எதற்கு என்று பேராசிரியர் முகம் சுளித்தார். எழுதாவிட்டால் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். வரி சேர்ந்தது. உப்பும் வெள்ளரிக்காயும் இல்லாத, உலர்ந்துபோன ஒரு வரி.

மாநாட்டில் இரு குழுக்களும் ஒரே நாளில் பேசின. எதிர்க் குழுவின் எண் பழையபடியே எழுபதுக்குக் கீழே நின்றது. அந்த வரியைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் எழுந்து அது என்ன உறவு என்று கேட்டார். அக்கா, தம்பி என்றார் பேராசிரியர். அரங்கம் சிரித்தது, அதோடு விட்டுவிட்டது. ஆனால் தம்பியின் குழுத் தலைவி விடவில்லை. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குடைந்தெடுத்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டாள் என்பது உண்மைதான். கூடவே, கொஞ்ச காலத்துக்கு அம்மா வீட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது என்றும் சொல்லி அனுப்பினாள்.

இதைக் கேட்டு அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். தன் வீட்டுச் சோற்றுக்குத் தடை போட அந்த அம்மாள் யார், நான் நேரில் போய்க் கேட்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். ரயில் நிலையக் குரலில் அம்மா அந்த ஆய்வகத்தின் வாசலில் நின்று பேசினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்த இருவரும் சேர்ந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகு அம்மா வேறு ஒன்று சொன்னாள்.

"பேசாதீங்கன்னு நான்தானே சொன்னேன். ஒளிச்சு மறைச்சு வெச்சதாலதானே இவ்வளவும். இனிமே இங்க உக்காந்து ஊரறியப் பேசுங்க."

அதிலிருந்துதான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. ஒரே ஒரு திரள். கிட்டத்தில் இருப்பது, இரண்டு முறைக்கும் ஏற்றது. அதன் கைகளில் துடிக்கும் நட்சத்திரங்களை அவள் அளப்பாள். அதே திரளின் விளிம்பில் சிவப்பு நட்சத்திரங்களைத் தம்பி அளப்பான். படங்களும் நிரல்களும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்தில் இருக்கும். பேராசிரியர் உடனே சரி என்றார். ஓய்வு பெறப்போகிற மனிதருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். தம்பியின் தலைவி மாதக் கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் பூட்டுதான் இரண்டு விடைகளையும் பூட்டி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். பூட்டுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

இலையுதிரும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். அம்மா வீட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு கணினிகளை எதிரெதிரே வைத்திருந்தார்கள். பூட்டு நடுவில் உட்கார்ந்து இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தான். ஒரே திரளுக்கு இரண்டு தூரங்கள். தம்பியின் கணக்குப்படி அது அக்காவின் கணக்கைவிட நூற்றில் இரண்டரைப் பங்கு அதிகத் தொலைவில் இருந்தது.

தப்பு உன் பக்கம்தான் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அவள், விளிம்பில் தூசி இல்லை என்று நீயாக எப்படி முடிவு கட்டினாய் என்று கேட்டாள். அவன், உன் நெரிசலை நீ இன்னும் முழுதாகக் கழிக்கவில்லை என்றான். அம்மா மிச்சமிருந்த பீங்கான் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பூட்டு இரண்டு பேருக்கும் பொதுவாகத் தண்ணீர் எடுத்து வைத்தான்.

"உன் விளிம்புப் படத்தையெல்லாம் குடு. நானே அளந்து பாக்கறேன்" என்றாள் அவள்.

"எல்லாரும் பாக்குற எடத்துலதானேக்கா இருக்கு."

"அது சுத்தம் பண்ணினது. எனக்கு மூலப் படம் வேணும்."

"சரி, நாளைக்கு அனுப்பறேன்."

"இப்பவே அனுப்பு."

தம்பி பெருமூச்சு விட்டு, கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். படங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கத் தொடங்கின. முழுதும் இறங்கி முடிவதற்குள் அவள் முதல் படத்தைத் திறந்திருந்தாள்.